வெயிலின் வெப்பம்: உள்ளூரிலேயே கிடைக்கும் சக்தி

கிராமத்தின் சக்தித் தேவை என்றதும் மின்சாரக் கம்பியே முதலில் நினைவுக்கு வருகிறது. விளக்கு எரிவதற்கும், மின்விசிறி சுழல்வதற்கும், கிணற்றுப் பம்பு ஓடுவதற்கும் மின்சாரம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு மாணவர் விடுதியிலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பால் பண்ணையிலோ ஒரு நாளில் செலவாகும் சக்தியை வகைப்படுத்திப் பார்த்தால், அதில் பெரும்பங்கு வெப்பமாகவே செலவாவது புலப்படும். சோறு வேகவும், குளிக்க வெந்நீர் காயவும், பாத்திரங்களையும் சிகிச்சைக் கருவிகளையும் தூய்மை செய்யவும், விளைபொருள்களை உலர்த்தவும் வேண்டுவது 50 முதல் 150 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பமே. இவ்வெப்பத்தைத் தொலைவிலுள்ள மின்சார நிலையத்திலிருந்து வரவழைப்பதா, விறகை எரித்துப் பெறுவதா, அல்லது கூரையின்மீது அன்றாடம் விழும் வெயிலிலிருந்தே எடுத்துக்கொள்வதா என்பது களப்பணியாளர்கள் பலமுறை எதிர்கொள்ளும் வினாவாகும். இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

ஒரு சிறு கணக்கு

நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 4 யூனிட் சக்தி வேண்டும். இதை மின்சார வெந்நீர்க் கொதிகலத்தால் செய்வதாகக் கொள்வோம். நிலக்கரி மின் நிலையம் ஒன்றில், நிலக்கரியை எரிப்பதால் உண்டாகும் வெப்பத்தில் நூற்றுக்கு 35 பங்கு அளவே மின்சாரமாகிறது. எஞ்சியது குளிர்விக்கும் நீருடனும் புகையுடனும் போய்விடுகிறது. அந்த 35 பங்கிலும் ஒரு பகுதி கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் வீணாகிறது. நுகர்வோரை வந்தடைவது ஏறக்குறைய 30 பங்கேயாகும். ஆகவே, 4 யூனிட் வெப்பத்தைப் பெற 13 யூனிட் வெப்பம் தரும் நிலக்கரி, அதாவது ஏறத்தாழ 3 கிலோகிராம், எரிக்கப்படுகிறது. வெப்பத்தை மின்சாரமாக மாற்றி, நெடுந்தூரம் அனுப்பி, மீண்டும் வெப்பமாக மாற்றுவதன் விலை இதுவே.

இனி வெயிலின் கணக்கைப் பார்ப்போம். நண்பகலில் தெளிந்த வானத்தின்கீழ் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1 கிலோவாட் சூரிய சக்தி விழுகிறது. நமது நாட்டின் பெரும்பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 4 முதல் 7 யூனிட் வரை கிடைக்கிறது. சராசரியாக 5 யூனிட் என்று கொண்டு, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே தண்ணீரில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 2 சதுர மீட்டர் பரப்புள்ள தட்டைச் சேகரிப்பான் ஒன்று அந்த நூறு லிட்டரையும் சூடாக்கிவிடும். இதற்கு உருளும் பாகம் எதுவும் தேவையில்லை. கறுப்புப் பூச்சுப் பூசிய உலோகத் தகடு வெயிலை உட்கொள்கிறது. மேலுள்ள கண்ணாடி வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து தானே மேலெழுந்து தொட்டியை அடைகிறது. குளிர்ந்த நீர் கீழிறங்கி அதன் இடத்தை நிரப்புகிறது.

பழைய முயற்சிகள்

கண்ணாடி மூடிய பெட்டியினுள் வெப்பம் சேரும் உண்மையை ஸ்விட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஹொராஸ் தெ சொஸ்யூர் 1767-ஆம் ஆண்டில் சோதனை மூலம் காட்டினார். அவருடைய பெட்டியில் நீரின் கொதிநிலைக்கு மேற்பட்ட வெப்பநிலை எய்தப்பட்டது. பாரிஸ் நகரில் 1878-இல் நடந்த உலகக் கண்காட்சியில் ஒகுஸ்த் மூஷோ என்பவர் வெயிலால் இயந்திரத்தை ஓட்டிப் பனிக்கட்டியும் உண்டாக்கினார். அதே ஆண்டில், பம்பாயில் அலுவல் பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், வெப்ப நாடுகளில் எரிபொருளுக்குப் பதிலாகச் சூரிய வெப்பத்தைக் கொள்ளலாம் என்பதை விளக்கும் நூலை வெளியிட்டார். தட்டைக் கண்ணாடிகள் பலவற்றை வரிசையாக நிறுத்தி, ஒளியை ஒரு கொதிகலத்தின்மீது திருப்பி, நீராவி இயந்திரத்தை அவர் இயக்கிக் காட்டினார். எகிப்து நாட்டில் 1913-இல் பிராங்க் ஷூமன், நீண்ட தொட்டி வடிவக் கண்ணாடிகளைக் கொண்டு நைல் நதியின் நீரை வயல்களுக்கு இறைத்தார். மலிவான நிலக்கரியும் எண்ணெயும் பெருகியபின் இம்முயற்சிகள் தேய்ந்து மறைந்தன.

சுதந்திரம் பெற்றபின், புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் 1950-களின் தொடக்கத்தில் சூரிய அடுப்பு ஒன்றை உருவாக்கியது. எம். எல். கய் என்னும் ஆராய்ச்சியாளர் அமைத்த அவ்வடுப்பில், மெருகேற்றிய அலுமினியக் குழிதட்டு ஒளியைப் பாத்திரத்தின் அடியில் குவித்தது. விஞ்ஞான முறையில் அது குறையற்றதே. எனினும் அது வீடுகளில் இடம்பெறவில்லை. சமைப்பவர் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. சூரியனின் போக்குக்கேற்பத் தட்டை அடிக்கடித் திருப்ப வேண்டியிருந்தது. விடியற்காலையிலும் இரவிலும் அதனால் பயனில்லை. ஒரு கருவி வேலை செய்கிறது என்பது வேறு, அது ஒரு வீட்டின் வாழ்க்கை முறைக்குப் பொருந்துகிறது என்பது வேறு என்பதை இந்த அனுபவம் உணர்த்துகிறது.

அடுப்பு சமையலறைக்குள் வந்தது

இக்குறையை நீக்கும் வழியை வுல்ப்காங் ஷெப்லர் என்பவர் கண்டார். அவர் தமது முதல் பிரதிபலிப்பானை 1986-ஆம் ஆண்டில் வட கென்யாவில் அமைத்தார். இதன் தத்துவம் எளிது. பூமி தன் அச்சில் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. குழிதட்டை, பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் பொருத்தி, அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழற்றினால் அது சூரியனை நோக்கியவாறே இருக்கும். ஒளி குவியும் புள்ளி அந்த அச்சின்மீதே அமையுமாறு தட்டை வளைத்தால், தட்டு சுழன்றாலும் புள்ளி நகராது. ஆகவே தட்டு வெளியே நிற்க, ஒளி சுவரிலுள்ள திறப்பின் வழியே நுழைந்து, சமையலறைக்குள் இருக்கும் அடுப்பில் விழும். பருவங்களுக்கேற்பச் சூரியன் வடக்கும் தெற்கும் நகர்வதை ஈடுசெய்யச் சில நாட்களுக்கு ஒருமுறை தட்டின் சாய்வையும் வளைவையும் சிறிது திருத்தினால் போதும். நல்ல வெயிலில் 8 சதுர மீட்டர் தட்டு ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யும்.

இத்தகைய தட்டுகள் பலவற்றைச் சேர்த்து நீராவி உண்டாக்கும் முறை நமது நாட்டில் விரிவாகப் பின்பற்றப்பட்டது. திருமலையில் 2002-ஆம் ஆண்டில் 106 தட்டுகள் கொண்ட அமைப்பு நிறுவப்பட்டது. நாளொன்றுக்கு 15,000 பேருக்கு உணவு சமைக்கப் போதிய நீராவியைத் தருமாறு அது திட்டமிடப்பட்டது. ஷீரடியில் 2009-இல் 73 தட்டுகள் அமைக்கப்பட்டன. புதுச்சேரிக்கு அருகில் ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடத்தில் மாற்று முறை கையாளப்பட்டது. அங்கே கூரையின்மீது 15 மீட்டர் விட்டமுள்ள அசையாத கிண்ணம் கட்டப்பட்டது. கிண்ணத்திற்குப் பதிலாக, வெப்பத்தை ஏற்கும் குழாயே சூரியனைப் பின்தொடர்கிறது. ராஜஸ்தானத்தின் ஆபு ரோட்டில் 2017-இல் நிறைவுற்ற நிலையம், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 தட்டுகளைக் கொண்டது. அங்கே வார்ப்பிரும்புக் கட்டிகளில் பகல் வெப்பம் சேமிக்கப்படுவதால், சூரியன் மறைந்தபின்னும் நீராவி பெற இயலுகிறது.

உள்ளூர்க் கைகளின் பங்கு

மேற்கூறியவை பெரிய ஸ்தாபனங்களின் முயற்சிகள். ஆனால் இக்கருவியின் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. அதன் பாகங்கள் இரும்புக் கம்பி, சதுரக் குழாய், சிறு கண்ணாடித் துண்டுகள், சைக்கிள் சங்கிலி ஆகியவையே. பற்றவைக்கத் தெரிந்த எந்தப் பட்டறையிலும் இதைச் செய்துகொள்ளலாம். ராஜஸ்தானத்தின் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்னும் ஊரில் 1972-இல் தொடங்கப்பட்ட வெறுங்கால் கல்லூரியில், அதிகம் படிக்காத கிராமப் பெண்கள் இத்தகைய அடுப்புகளைத் தாமே அளந்து, வெட்டி, பற்றவைத்துப் பொருத்தக் கற்றனர். செய்தவர் அதே ஊரில் இருப்பதால், பழுது நேர்ந்தால் சீர்செய்யவும் அவரே இருக்கிறார்.

மின்சாரத்தை நூற்றுக்கணக்கான மைல் தூரம் அனுப்பலாம். வெப்பத்தை அவ்வாறு அனுப்ப இயலாது. நீராவிக் குழாய் நீள நீள அதிலுள்ள வெப்பம் குறைந்துகொண்டே போகும். இது ஒரு குறையாகத் தோன்றினும், அதனாலேயே சூரிய வெப்பம் உண்டாகும் இடத்திலேயே பயன்பட வேண்டியதாகிறது. அதைச் செய்பவரும் காப்பவரும் அவ்வூரினராகவே அமைகின்றனர். அதே வேளையில், வெப்பத்தை வாங்குபவரும் அருகிலேயே நிலைத்திருக்க வேண்டும். குஜராத்தின் புஜ் நகரில் 6,000 சதுர மீட்டர் பரப்பில் வெட்டப்பட்ட உப்பு நீர்ச் சூரியக் குளம், 1993 முதல் பக்கத்திலிருந்த பால் பண்ணைக்கு வெந்நீர் அளித்தது. சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. அத்தகைய குளத்தின் வெந்நீரை வேறோர் ஊருக்குக் கொண்டுசெல்ல வழியில்லை.

எங்கே ஏற்கலாம், எங்கே தவிர்க்கலாம்

சூரிய வெப்பம் எல்லாவற்றிற்கும் விடையன்று. ஒளியைக் குவிக்கும் தட்டுகளுக்கு நேர்வெயில் வேண்டும். மேகமும் தூசியும் மூடிய நாட்களில் அவை செயலற்றுப்போகும். பருவமழைக் காலத்திற்கு வேறு அடுப்பு அவசியம் இருக்க வேண்டும். தட்டைச் சேகரிப்பான்களோ மங்கிய வெளிச்சத்திலும் ஓரளவு பயன்தரும்.

சூரிய மின்தகடுகளின் விலை 2010-க்குப் பின் மிகவும் குறைந்துவிட்டதையும் கருதவேண்டும். 2010-ஆம் ஆண்டின் தேசிய சூரிய சக்தித் திட்டத்தின்கீழ்ப் பெரிய சூரிய வெப்ப மின் நிலையங்கள் பல திட்டமிடப்பட்டன. அவற்றுள் சிலவே நிறைவேறின. மின்சாரம் பெறுவதற்கு மின்தகடே இன்று மலிவான வழி. ஆனால் மின்தகடு தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. வெந்நீர்ச் சேகரிப்பான் பாதியளவை வெப்பமாக்குகிறது. ஆகவே, கூரை சிறியதாயும், வெந்நீர்த் தேவை ஆண்டு முழுவதும் மிகுதியாயும் உள்ள விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களில் சூரிய வெப்பமே ஏற்றது. ஆண்டில் இரண்டு மாதமே வெந்நீர் வேண்டப்படும் இடத்தில் அதற்கெனத் தனிக் கருவி வைப்பது வீண் செலவாகலாம்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

ஓரிடத்தில் இக்கருவிகளைப் பரிந்துரைக்குமுன் சில செய்திகளை நேரில் சென்று அறிதல் நலம்.

முதலாவது, நிழல். காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மரமோ கட்டடமோ வெயிலை மறைக்கிறதா என்பதைக் குளிர்காலத்தையும் மனத்திற்கொண்டு பார்க்க வேண்டும். அப்பொழுது நிழல் நீளம்.

இரண்டாவது, சாய்வு. சேகரிப்பான் தெற்கு நோக்கி, ஏறக்குறைய அவ்விடத்தின் அட்சரேகையளவு சாய்ந்திருக்க வேண்டும். சென்னைக்கு 13 டிகிரி, லேவுக்கு 34 டிகிரி. குளிர்காலப் பயன் முக்கியமாயின் இதைவிடச் சற்று மிகுதியாகச் சாய்க்கலாம்.

மூன்றாவது, தண்ணீர். கடினநீர் பாயும் குழாய்களில் நாளடைவில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அங்கே சேகரிப்பானில் தனி நீரைச் சுழலவிட்டு, அதன் வெப்பத்தை மட்டும் தொட்டி நீருக்கு மாற்றும் அமைப்பு வேண்டும். உறைபனி விழும் இமயமலைப் பகுதிகளில் குழாய் வெடிக்காதிருக்க உறையாத திரவத்தை உபயோகிக்க வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. குவிந்த ஒளி கண்ணைக் கெடுக்கும். துணியையும் மரத்தையும் நொடியில் பற்றவைக்கும். குழந்தைகள் அணுகாதபடி வேலியிடுவதும், உபயோகத்தில் இல்லாதபோது தட்டைத் திருப்பி வைப்பதும் அவசியம். அழுத்தமுள்ள நீராவி உண்டாகும் அமைப்புகளைத் தகுதி பெற்றவரே இயக்க வேண்டும்.

ஐந்தாவது, பொறுப்பாளர். கண்ணாடியைத் துடைப்பவர் யார், உடைந்த துண்டை மாற்றுபவர் யார், அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பவற்றுக்கு விடை கிடைக்கும்வரை கருவியை நிறுவாதிருப்பதே மேல். திறப்பு விழாவுக்குப்பின் தூசி படிந்து, துருவேறி நிற்கும் ஒரு கருவி, அவ்வட்டாரத்தில் அடுத்த பத்தாண்டுகளுக்கு இம்முறையின்மீதுள்ள நம்பிக்கையையே கெடுத்துவிடும்.

பள்ளியில் ஒரு சோதனை

ஒரே அளவுள்ள மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து, உட்புறத்தில் கறுப்புக் காகிதம் ஒட்டி, பக்கங்களில் வைக்கோல் அடைத்த வேறு பெட்டிகளினுள் வைக்கவும். முதலாவதைத் திறந்து விடவும். இரண்டாவதை ஒரு கண்ணாடியாலும், மூன்றாவதை இடைவெளி விட்ட இரு கண்ணாடிகளாலும் மூடவும். ஒவ்வொன்றிலும் அளந்த நீருள்ள, கறுப்புப் பூசிய தகரக் குவளையை வைத்து, காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அரைமணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கவும். வெப்பநிலைமானி 110 டிகிரி வரை காட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும். நீரின் எடை, வெப்பநிலை உயர்வு, கண்ணாடியின் பரப்பு ஆகியவற்றிலிருந்து, விழுந்த வெயிலில் எத்தனை பங்கு நீரில் சேர்ந்தது என்பதை மேல் வகுப்பு மாணவர்கள் கணக்கிடலாம். அவ்வளவு வெப்பத்திற்கு எத்தனை விறகு எரிய வேண்டும் என்று தம் வீட்டு அடுப்பில் அளந்து ஒப்பிடச் செய்தால், பாடம் வீட்டையும் எட்டும்.

விறகு சுமந்து வரும் பெண்களின் உழைப்பும், புகையால் கெடும் அவர்கள் கண்ணும் மூச்சும் எந்தக் கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. அவற்றையும் சேர்த்து எண்ணி, தத்தம் வட்டாரத்தின் வெயிலையும், நீரையும், பட்டறைகளையும் நேரில் ஆராய்ந்தபின், எவ்விடத்தில் மின்கம்பி போதும், எவ்விடத்தில் வெயிலே நேராக அடுப்பை அடையலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவ்வட்டாரத்தை அறிந்த பணியாளர்களும் ஆசிரியர்களுமே ஆவர்.