இரண்டு வளையலும் ஒரு லேப்டாப்பும்!

போன மாதம் ஒருநாள் என் அக்கா இரண்டு தங்க வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"பையன் கச்சேரிக்கு லேப்டாப் வேணுங்கிறான். அடகு வெச்சு வாங்கிக் கொடுடா. ரெண்டு பேரும் ஏமாந்துட்டு மட்டும் வராதீங்க!"

அக்கா பையன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். நானும் பதினைந்து வருஷம் அந்த வேலை பார்த்தவன்தான். ஆகவே சென்னை ரிச்சி தெருவுக்கு இருவரும் கிளம்பினோம்.

கடைக்காரர் ஒரு மிஷினைத் திறந்து வைத்தார். பட்டனுக்குப் பட்டன் சிவப்பு, பச்சை, நீலம் என்று திருவிழா சீரியல் செட் மாதிரி மினுங்கியது.

"கேம் பிரமாதமா ஓடும் சார்!"

"பாட்டு ஓடுமா?"

"கேமே ஓடுது, பாட்டு ஓடாதா?"

பையன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். விலை கேட்டேன். இரண்டு வளையலும் போய், அக்காவின் தோட்டையும் கேட்கும் போலிருந்தது!

"டீ சாப்பிட்டுட்டு வரலாம் வாடா" என்று வெளியே இழுத்து வந்து, என் கதையைச் சொன்னேன்.

ஓர் அம்மன் கோயில் திருவிழா. வயலின், புல்லாங்குழல், சிதார் எல்லாம் என் லேப்டாப்புக்குள்ளே. எட்டாவது பாட்டு. பல்லவி முடிந்து வயலின் வரவேண்டிய இடத்தில் 'டிர்ர்ர்...' என்று ஒரு சத்தம். அப்புறம் நிசப்தம். பாடகி என்னைப் பார்க்கிறார். நான் திரையைப் பார்க்கிறேன். திரை என்னைப் பார்க்கிறது!

டோலக் அண்ணன்தான் காப்பாற்றினார். நாலு நிமிஷம் தனி ஆவர்த்தனம். ஜனங்கள் விசிலடித்தார்கள். குழுத் தலைவர் என்னை அடிக்கவில்லை. அந்த சீஸன் முழுக்கக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

"மட்டமான மிஷினா மாமா?"

அதுதான் இல்லை. வீட்டில் நாற்பது டிராக் போட்டாலும் அசராது. பின்னே ஏன் மக்கர்?

பந்தியில் பாயசம் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரும் சத்தத்தைக் கரண்டி கரண்டியாகத்தான் ஊற்றுகிறது. அந்தக் கரண்டிக்குப் பெயர் பஃபர். சி.டி. தரத்தில் ஒரு வினாடி இசை என்பது 44,100 துணுக்குகள். கரண்டி 1024 துணுக்கு பிடித்தால், அது நிறைய 23 மில்லி செகண்ட் ஆகும். வீட்டில் உட்கார்ந்து மிக்ஸிங் செய்ய இது போதும். மேடையிலோ கட்டையை அமுக்கினால் சத்தம் பின்தங்கி வரும். டோலக் முன்னே போக, நாம் பின்னால் நொண்டுவோம்.

கரண்டியை 128 ஆகச் சுருக்கினால் 2.9 மில்லி செகண்ட்தான். அதற்குமேல் மற்ற கருவிகள் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். மொத்தம் பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஸ்பீக்கரிலிருந்து பதினோரு அடி தள்ளி நின்றாலே காற்றில் அவ்வளவு தாமதம் ஆகிவிடும்!

ஆனால் கரண்டி சின்னதானால் பரிமாறுகிறவர் வினாடிக்கு 344 தடவை ஓடவேண்டும். நடுவில் யாராவது ஒரே ஒரு தடவை, "சார், ஒரு நிமிஷம்" என்று கையைப் பிடித்தால் இலை காலி. அதுதான் அந்த 'டிர்ர்ர்'. எனக்குக் கையைப் பிடித்தது வைஃபை. போதாக்குறைக்கு மேடை விளக்குச் சூடு. சூடு ஏறினால் மிஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும்.

மேடைக்கு வேண்டியவன் ஓட்டப்பந்தய வீரன் இல்லை, தடுக்கி விழாத ஆள்!

டீ ஆறிவிட்டது. பையன் துண்டுக் காகிதத்தில் எழுத ஆரம்பித்தான்.

கேமுக்கான கிராஃபிக்ஸ் கார்டு நமக்கு வேண்டாம். விலையில் பெரிய துண்டு அங்கேயே மிச்சம். ஒரு வாத்தியத்தின் வேலை பெரும்பாலும் ஒரே கோர்மேல்தான் விழும். அதனால் பிராசஸரில் எத்தனை கோர் என்பதைவிட ஒவ்வொன்றும் எத்தனை வேகம் என்று பார். ராம் குறைந்தது 16 ஜி.பி.; நிறைய வாத்தியம் ஏற்றினால் 32. சில மாடல்களில் ராமைப் பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. அதைக் கேட்டு வாங்கு. டிஸ்க் எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். உள்ளே நல்ல ஃபேன், வெளியே தாராளமான யு.எஸ்.பி. துளைகள். விண்டோஸ் என்றால் சொந்த ஆசியோ டிரைவர் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் கட்டாயம்.

"ஜெனரேட்டர்ல 'ங்ங்ங்'னு இரையுதே மாமா?"

அதற்கு ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்கு. அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் பெரும்பாலும் இரைச்சலை அடக்கிவிடும். பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு வாசிக்கிற மகானுபாவர்கள் உண்டு. இரைச்சல் போகும், ஒருநாள் ஷாக்கடித்து ஆளும் போகலாம். விளையாடாதே!

திரும்பக் கடைக்குப் போனோம். விளக்கே எரியாத ஒரு கறுப்பு மிஷினைக் காட்டச் சொன்னோம். கடைக்காரர் முகத்திலும் விளக்கு அணைந்தது! லேட்டன்சிமான் என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. யார் கையைப் பிடிக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதை அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்கினோம். லேப்டாப், இன்டர்ஃபேஸ், டி.ஐ. பாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே வளையலில் முடிந்தது.

மற்றதை அக்காவிடம் நீட்டினேன். "ஏண்டா, மட்டமா ஏதாவது வாங்கிட்டீங்களா?" என்று சந்தேகமாகப் பார்த்தாள். அம்மா இல்லையா!

வீட்டில் ஃபேன் போடாத அறையில், வைஃபையை அணைத்து, அப்டேட்டை நிறுத்தி, மூன்று மணி நேரம் விடாமல் வாசிக்கவைத்தேன். பையனுக்கு வியர்த்தது, மிஷினுக்கு ஒன்றுமில்லை. அப்படியும் ஒரு காபந்து: கீபோர்டின் சொந்தச் சத்தத்தையும் தனி ஒயரில் மிக்ஸருக்குக் கொடுத்து வை என்றேன். எந்த மிஷினையும் முழுசாக நம்பக்கூடாது.

போன ஞாயிறு முதல் கச்சேரி. முன்வரிசையில் அக்கா. கையில் ஒற்றை வளையல். இருபத்திரண்டு பாட்டு, ஒரு 'டிர்ர்ர்' இல்லை.

மேடையில் அதே டோலக் அண்ணன். முடிந்ததும் பையன் தோளைத் தட்டி, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்ன தம்பி, உங்க மாமா மாதிரி எனக்குத் தனி வாசிக்க ஒரு சான்ஸே தரலியே!"