முகமும் பெயரும்

சில வாரங்களுக்கு முன் ஒருநாள் எங்கள் கல்லூரியில் அகத்திணைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அகப்பாடல்களிலே தலைவன் தலைவியரை இன்னார் எனப் பெயர் சுட்டிக் கூறுதல் மரபன்று. புறப்பாடல்களிலோ அரசரும் வள்ளல்களும் வீரரும் பெயரோடு பாடப்பெறுவர் என்று தொல்காப்பியர் வகுத்த நெறியை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பொழுது மாணவி ஒருத்தி எழுந்து வந்து, புத்தகத்தினுள் வைத்திருந்த புகைப்படமொன்றை என் மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, இதன் கீழே 'புலம்பெயர் தாய்' என்று மாத்திரம் எழுதியிருக்கிறது. இந்தத் தாய்க்குப் பெயர் இல்லையா? இது அகமா, புறமா?" என்று கேட்டாள்.

வகுப்பிலே சிரிப்பெழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தைக் கற்பித்துவரும் எனக்கு இப்படியொரு வினா தோன்றியதேயில்லை. அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

அப்படத்தை வாசகர் பலரும் கண்டிருத்தல் கூடும். கந்தலுடுத்த பெண்ணொருத்தி கூடாரமொன்றில் அமர்ந்திருக்கிறாள். இரு குழந்தைகள் முகத்தை மறைத்துக்கொண்டு அவள் தோள்களிற் சாய்ந்திருக்கின்றன. மடியிலே கைக்குழந்தை. அவள் விரல்கள் கன்னத்தைத் தொடுகின்றன. கண்கள் நம்மை நோக்கவில்லை. நாளைய உணவு எங்கே என்று தேடுவனபோலத் தொலைவை நோக்குகின்றன. 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் நிப்போமோ என்னும் ஊருக்கருகே டொறதியா லாங் என்னும் அம்மையார் எடுத்த படம் அது.

1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியால் அந்நாட்டில் இலட்சக்கணக்கானோர் தொழிலிழந்தனர். வரட்சியும் புழுதிப் புயலும் உழவரை நிலத்தினின்றும் துரத்தின. லாங் அம்மையார் அதுவரை சான்பிரான்சிஸ்கோ நகரிற் செல்வர்களின் உருவப்படங்களை எடுத்து வாழ்ந்தவர். தம் படப்பிடிப்பு நிலையத்துக்கு வெளியே வேலையற்றோர் அலைவதைக் கண்டு கமராவுடன் தெருவுக்கு இறங்கினார். பின்னர், நலிந்த உழவர் குடும்பங்களுக்கு உதவவென அமைந்த அரச நிறுவனமொன்றின் புகைப்படக்காரராய் ஊரூராகச் சென்றார்.

ஒரு மாதப் பயணம் முடிந்து, மழையினூடே அவர் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது பட்டாணி பறிப்போர் பாசறையைச் சுட்டும் பலகையொன்று வழியிலே தென்பட்டது. கடந்து போய்விட்டார். இருபது மைல் சென்றபின்னரும் மனம் அமைதிகொள்ளாமையால் வண்டியைத் திருப்பினார். பனியினாற் பயிர் அழிந்து, கூலியின்றி மக்கள் பசித்திருந்த இடம் அது. அங்கே அப்பெண்ணை அணுகிச் சில படங்கள் எடுத்தார். அவள் பெயரையோ வரலாற்றையோ கேட்கவில்லை. வயது முப்பத்திரண்டு என்று மாத்திரம் அவள் சொன்னாள். இவையெல்லாம் அம்மையார் பின்னாளில் தாமே எழுதியவை.

அன்று எடுத்த படங்களுட் சில சான்பிரான்சிஸ்கோப் பத்திரிகையொன்றில் வெளிவந்தன. அரசாங்கம் விரைந்து 20,000 இறாத்தல் உணவை அப்பாசறைக்கு அனுப்பியது. ஒரு கலைஞரின் பணி பசித்த வயிறுகளை உடனே சென்றடைந்த அரிய நிகழ்ச்சி இது. ஆயின் உணவு வந்து சேர்வதற்கு முன்னரே அத்தாயும் மக்களும் வேலை தேடி வேறிடம் போய்விட்டனர். படம் ஊட்டிய உணவு படத்திலிருந்தவளுக்குக் கிட்டவில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 1978இல், அவர் பெயர் உலகுக்குத் தெரியவந்தது: புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன். 1903இல், இன்று ஒக்லகோமா எனப்படும் நிலப்பகுதியிற் பிறந்த செறோக்கிப் பழங்குடிப் பெண் அவர். வெள்ளையினத்து உழவர் குலப் பெண்ணென்றே நாடு அதுவரை எண்ணியிருந்தது. குடும்பம் உணவுக்காக வண்டிச் சக்கரத்தின் ரயர்களை விற்றதென்று லாங் எழுதிய குறிப்பும் பிழையென்று பிள்ளைகள் கூறினர். அந்தப் படத்தை எடுக்காதிருந்தால் நன்று என்று அவர் மனக்கசப்புடன் சொன்னார். அதனால் ஒரு சதமும் தமக்குக் கிடைத்ததில்லை என்றார். அரச உடைமையான அப்படத்தை விற்று லாங் பொருளீட்டவில்லை என்பதும் உண்மையே. எனினும் அது அவருக்குப் பெரும் புகழை ஈட்டிக்கொடுத்தது. தொம்சனுக்கோ பல்லாண்டுகளாக வறுமையின் சின்னமாய் இருக்கும் நிலையே வாய்த்தது.

இங்கே மாணவியின் வினாவுக்கு வருவோம். அகத்திற் பெயர் சுட்டாமை இகழ்ச்சி காரணமாக அன்று. பிரிவும் ஏக்கமும் எல்லார்க்கும் பொதுவாதலின், பெயர் சுட்டினால் அவை ஒருவர் கதையாகச் சுருங்கிவிடும். 'புலம்பெயர் தாய்' என்னும் படமும் அவ்வாறே பெயரின்மையால் எல்லாத் தாய்மாரின் படமாயிற்று என்று கூறலாம். யானும் முதலில் அப்படியே விடைகூற எண்ணினேன். ஆயின் ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டேன். அகப்பாட்டின் தலைவி புலவனின் படைப்பு. அவளுக்குக் கூச்சமுறும் பிள்ளைகள் இல்லை. பத்திரிகையில் தன் முகம் கண்டு திடுக்கிடும் நாளும் இல்லை. படத்திலிருப்பவளோ உயிரோடிருப்பவள். நாம் அவளை அகத்தலைவியாக்கிப் போற்றியபொழுது, அவளுக்குரிய புறம் அவளிடமிருந்து பறிபோயிற்று.

அப்படியானால் பெயர் கேட்ட கலைஞர் எவரேனும் உளரோ என்று தேடினேன். அவருள் ஒருவர் என்போல் ஆசிரியத் தொழில் செய்தவர் என்று கண்டு மகிழ்ந்தேன். லூயிஸ் ஹைன் என்பது அவர் பெயர். 1874இற் பிறந்தவர். நியூயோர்க்கில் ஒரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தபோது, கப்பலில் வந்திறங்கும் குடியேறிகளை எல்லிஸ் தீவிற் படம்பிடிக்கத் தொடங்கினார். 1908இல் ஆசிரியத் தொழிலை விட்டு, சிறுவர் தொழிலை ஒழிக்கப் பாடுபட்ட தேசியக் குழுவின் புகைப்படக்காரரானார்.

1900ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, பத்து முதல் பதினைந்து வயதுவரையுள்ள சுமார் பதினேழரை இலட்சம் பிள்ளைகள் அந்நாட்டில் உழைத்துக்கொண்டிருந்தனர். ஆலை முதலாளிகள் ஹைனை உள்ளே விடுவார்களா? ஆகவே வேதப்புத்தகம் விற்பவராகவும், அஞ்சலட்டை விற்பவராகவும், இயந்திரங்களைப் படம்பிடிக்க வந்தவராகவும் நடித்துப் புகுந்தார். பிள்ளைகளின் உயரத்தைத் தம் மேற்சட்டைத் தெறிகளைக்கொண்டு அளந்தார்; ஒவ்வொரு தெறியும் நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் என்பதை முன்னரே அறிந்திருந்தார். பெயர், வயது, கூலி, வேலைநேரம் ஆகியவற்றைப் பிறர் அறியாமற் குறித்துக்கொண்டார்.

தென் கரோலைனாவிலே லங்காஸ்ரர் நூற்பாலையில் 1908இல் எடுத்த படமொன்றின் கீழே, சேடி பைபர் என்னும் சிறுமி 48 அங்குல உயரமுள்ளவள், அரையாண்டாக வேலை செய்கின்றாள் என்று எழுதியுள்ளார். வட கரோலைனாவில் நாளொன்றுக்கு 48 சதம் கூலிபெற்ற இன்னொரு சிறுமியிடம் வயது கேட்டார். அவள் தயங்கி, நினைவில்லை என்றாள். பிறகு, வேலைசெய்யும் வயது தனக்கு ஆகவில்லையென்றும் ஆயினும் செய்வதாகவும் மெல்லச் சொன்னாள். அச்சிறுமியின் பெயர் அக்குறிப்பில் இல்லை. ஆனால் அவள் வாய்மொழி உண்டு. படத்தைப் பொய்யென்று மறுக்க முற்பட்டோரின் வாயை இச்சிறு குறிப்புகளே அடைத்தன. முகம் இரக்கத்தை எழுப்பியது. சொல் சான்றாக நின்றது.

படங்களால் மாத்திரம் சட்டம் பிறந்தது என்று கூறுதல் மிகையாகும். தொழிற்சங்கத்தினரும் பெண்கள் அமைப்பினரும் பலகாலம் போராடினர். சிறுவர் தொழிலைக் கட்டுப்படுத்த 1916இல் நிறைவேறிய சட்டத்தை 1918இல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 1938இல் வந்த தொழிலாளர் சட்டமே நிலைத்தது. ஹைன் 1940இல் வறுமையில் மாண்டார். அவர் எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. அண்மைக் காலத்திலே ஜோ மானிங் என்னும் எழுத்தாளர், அக்குறிப்புகளிலுள்ள பெயர்களைத் துணைக்கொண்டு, படத்திலிருந்த பிள்ளைகள் பலரின் வழித்தோன்றல்களைத் தேடிக் கண்டார். நூறாண்டுகளுக்குப் பின் ஒரு பேரப்பிள்ளை தன் பாட்டியைப் படத்திலே கண்டுகொள்ள வழிசெய்தது ஓர் ஆசிரியர் எழுதிய ஒற்றை வரி.

லாங் அம்மையாரைக் குறைகூறுதல் என் கருத்தன்று. ஏனைய இடங்களில் மக்களின் பேச்சைக் கவனமாகக் குறித்துக்கொண்டவர் அவர். 1939இல் தம் கணவரோடு சேர்ந்து வெளியிட்ட நூலிலே அம்மக்களின் சொற்களையே படங்களின் கீழ் அமைத்தார். அன்று ஒருநாள் கேளாமல் வந்தார். அன்றைய படமே உலகப்புகழ் பெற்றது. மேலும், 1983இல் தொம்சன் நோயுற்று, குடும்பத்தார் உதவி வேண்டியபொழுது, 30,000 டொலருக்கு மேற்பட்ட நன்கொடை வந்து குவிந்தது. கூடவே வந்த கடிதங்களைப் படித்த பின்னரே, கூச்சம் நீங்கித் தம் தாயைக் குறித்துப் பெருமைகொண்டதாகப் பிள்ளைகள் கூறினர். அவ்வாண்டே அவர் காலமானார். முகம் மாத்திரம் சென்றபொழுது உதவி பாசறைக்குப் போயிற்று. பெயரும் உடன் சென்றபொழுது அவரிடமே வந்தது.

இன்று எம் மாணவர் எல்லார் கையிலும் கமரா இருக்கின்றது. வெள்ளத்தில் வீடிழந்த முதியவரையும், தேயிலைத் தோட்டத்து லயத்திலே நிற்கும் குழந்தையையும் நொடியிற் படமாக்குகின்றனர். அவர்களுக்கு யான் சொல்வது இது: முதலில் எதிரேயிருப்பவரோடு அமர்ந்து பேசுங்கள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். "படத்தை வெளியிடலாமா?" என்றும் கேளுங்கள். பெயர் வெளிப்பட்டால் அவருக்குத் தீங்கு நேருமெனின் மறைத்துவிடுங்கள். அறிந்து மறைத்தல் வேறு, அறியாமலே விடுதல் வேறு.

மறுவாரம் அதே வகுப்பில் என் விடையைக் கூறினேன். படத்தின் கீழிருந்த இரு சொற்களுக்கு அருகே, "புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன், 1903 - 1983" என்று அம்மாணவி தன் கையால் எழுதிக்கொண்டாள்.