ஏரிக்கு அடியில் ஓர் ஊர்

காலையில் எழுந்ததும் குழாயைத் திருப்புகிறீர்கள். தண்ணீர் வந்தால் சரி. வராவிட்டால் நகரசபைக்கு அர்ச்சனை! அந்தத் தண்ணீர் யாருடைய ஊரிலிருந்து வருகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா, அம்மணி? இங்கிலாந்தில் லிவர்பூல் நகரவாசிகளும் யோசிக்கவில்லை. அவர்களை யோசிக்க வைப்பதற்காக ஒரு குக்கிராமமே தெருவில் இறங்கி நடந்தது.

பிரிட்டனின் மேற்கே மலைகள் சூழ்ந்த நாடு வேல்ஸ். அதன் வடபகுதியில், பாலா என்ற சிற்றூருக்கு அருகே, ட்ரவெரின் ஆற்றோரத்தில் இருந்தது கப்பெல் கெலின். ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், சில வீடுகள், சுற்றிலும் பண்ணைகள், அவ்வளவுதான் ஊர். வீட்டிலும் கோயிலிலும் ஒலித்தது வெல்ஷ் மொழி.

சின்ன ஊரானாலும் சரித்திரம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ‘குவேக்கர்’ என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே ஹாவொட் வாடொக் என்ற பண்ணை வீட்டில் கூடித் தொழுதார்கள். கொடுமை தாங்காமல் அவர்களில் பலர் கடல் கடந்து அமெரிக்காவிலுள்ள பென்ஸில்வேனியாவில் குடியேறினார்கள்.

1955-ஆம் வருஷக் கடைசியில் இடி விழுந்தது. ஆற்றை மறித்து அணை கட்ட லிவர்பூல் நகரசபை திட்டமிட்டது. 1956 நவம்பரில் கிராமத்தார், குழந்தை குட்டிகளுடன், லிவர்பூலுக்கே போய் ‘எங்கள் வீட்டை மூழ்கடிக்காதீர்கள்’ என்று அட்டை பிடித்து வீதி வீதியாக நடந்தார்கள். பலன்? 1957-இல் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியது. வேல்ஸ் அங்கத்தினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக ஓட்டளிக்கவில்லை, ஆனாலும் நிறைவேறியது!

1963-இல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் கோயிலில் கடைசிப் பிரார்த்தனை நடந்தது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தார்கள். கல்லறைகளை என்ன செய்வது? எட்டுப் பேரின் உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். பெற்றவர்களின் கல்லறையை விட்டுப் போகும் மனம் எப்படியிருந்திருக்கும்!

1965 அக்டோபர் 21-இல் திறப்பு விழா. எதிர்ப்புக் கூச்சலில் அது சில நிமிஷங்களிலேயே முடிந்தது. ‘ட்ரவெரினை மறவாதீர்’ என்று சாலையோரச் சுவர் ஒன்றில் யாரோ எழுதிய வாசகம் வேல்ஸ் முழுவதும் பரவிற்று. நாற்பது வருஷம் கழித்து, 2005-இல், லிவர்பூல் நகரசபை மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

நகரத்துக்கும் தண்ணீர் வேண்டும்தான். அங்கேயும் குழந்தைகள் தாகத்தால் அழும். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுப்பதானால்கூட, “எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று நாம் ஒரு வார்த்தை கேட்பதில்லையா? கப்பெல் கெலினை அந்த ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

நாளைக் காலையில் குழாயைத் திருப்பும்போது, அந்த ஊரை ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள்.