மழையில் பிறந்த பூதம்

நம் நாட்டில் பேய்ப் படம் எடுக்கப் புகுந்தவர்களில் பலருக்கு மூடுபனி இல்லாமல் கை ஓடுவதில்லை. ஸ்டூடியோவுக்குள் புகையைக் கிளப்பி, நடுவே ஒரு பாழும் பங்களாவையும் வெள்ளைப் புடவையையும் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது! கானன் டாயில் எழுதிய பாஸ்கர்வில் நாயின் கதைக்கு மூடுபனி அவசியந்தான். டார்ட்மூர் மேட்டு நிலத்தில் பனி இறங்கினால் பாதை எது, புதைசேறு எது என்று தெரியாது. அங்கே பனி அலங்காரமன்று, ஆளைக் கொல்லக்கூடியது. அந்தக் கதையின் சாயலில் 1962-ல் வந்த “பீஸ் ஸால் பாத்” என்ற ஹிந்திப் படம் நன்றாகவே ஓடிற்று. ஆயினும் இரவல் பனி இரவல் பனிதானே?

2018-ல் வெளிவந்த “தும்பாட்” என்ற ஹிந்திப் படத்தில் அந்த இரவல் இல்லை. டைரக்டர் ராஹி அனில் பர்வே கதையை மகாராஷ்டிரத்துக் கொங்கணத்தில் வைத்தார். அரபிக் கடல் மேகங்கள் ஸஹ்யாத்ரி மலையில் மோதி, ஆனியிலிருந்து ஆவணி வரையில் கொட்டித் தீர்க்கும் பூமி அது. மழைக்காக யாகம் செய்யும் தேசத்தில் மழையே சாபமாக வந்தால்?

செழிப்புத் தேவியின் தலைமகன் ஹஸ்தர். பொன் முழுவதையும் அபகரித்துக்கொண்டு தானியத்துக்கும் கை நீட்டினான். மற்றத் தேவர்கள் தாக்கவே, தாய் அவனைத் தன் கருப்பையில் ஒளித்தாள். இனி அவனை எவரும் வணங்கலாகாது என்று ஏற்பாடு. அதை மீறித் தும்பாட்டில் ஒரு குடும்பம் கோயில் எழுப்பியது. அன்று முதல் அங்கே மழை ஓயவில்லை. ஹஸ்தரிடம் பொன் உண்டு, சோறில்லை. அந்தக் குடும்பத்து விநாயக், மாவுப் பொம்மையைக் காட்டி அவன் பசியைக் கிளப்பிவிட்டு, கோவணத்திலிருந்து பொற்காசுகளைப் பறிக்கிறான்.

படப்பிடிப்பு 2012-ல் தொடங்கியது. பல மழைக்காலங்கள் காத்திருந்து எடுத்தார்கள். பங்கஜ் குமாரின் காமிரா காட்டும் வெளிச்சம் சூரியனை மறந்துவிட்ட வெளிச்சம். எங்கும் ஈரமும் பாசியும். பேராசை கொண்ட பாட்டி சாகாமல் கிடக்க, அவள் உடலிலேயே ஒரு மரம் வேரோடியிருக்கிறது! நம்மை நடுங்கவைத்தது அந்த மரமே. முடிவில் பூதத்தை அளவுக்கு மிஞ்சிக் காட்டிவிட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

விநாயக் குடியிருப்பதோ பூனாவில். மலைக்குக் கிழக்கே, மழை மறைவில். காசு தீர்ந்ததும் மீண்டும் மலை கடந்து மழைக்குள் போகிறான். கதை 1918, 1933, 1947 ஆகிய வருஷங்களில் நடக்கிறது. தேசம் விடுதலை பெற்ற வருஷத்தில், பழைய மாளிகையைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறதென்று அவன் காதில் விழுகிறது. சுதந்திரமா அவன் நினைவில் நிற்கும்? கதவு அடைபடுமுன் இன்னும் எத்தனை காசு அள்ளலாம் என்றே கணக்கிடுகிறான்.