பிரேக் விளக்கு ஏன் எரிகிறது?

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றிய பழைய பிக்கப் ஒன்றில் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது என்க.

முதலில் கைத்தடுப்பை முற்றாக விடுவியுங்கள். அணைந்தால் கவலையில்லை. தொடர்ந்து எரிந்தால் பிரேக் ஒயில் தாங்கியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே விளக்குதான். ஒயில் குறைய மிதவை தாழும். ஆளி மூடிச் சுற்று பூர்த்தியாகும்.

மட்டம் ஏன் குறைந்தது? பிரேக் பட்டை தேயும்போது முசலம் வெளியே நகர, அவ்விடத்தை ஒயில் நிரப்பும். அல்லது கசிவு. கடற்காற்றில் உருக்குக் குழாய் விரைவில் துருப்பிடிக்கும். ஒயிலை ஊற்றி விளக்கை மட்டும் அணைப்பது பலர் விடும் தவறு.

பாஸ்காலின் தத்துவப்படி, அடைபட்ட திரவம் அமுக்கத்தைச் சில்லுகளுக்குக் கடத்தும். தாங்கி வற்றிக் காற்று புகுந்தால் காற்றே நெருக்கப்படும், தடுப்பு பிடிக்காது. (பரீட்சையில் இக்காரணத்தை எழுதத் தவறாதீர்கள்.) மிதியை அழுத்திப் பிடித்திருக்க அது மெல்லக் கீழிறங்கினால், வண்டியை நகர்த்தவே கூடாது.