பொறுக்கும் பள்ளியும் புடமிடும் பள்ளியும்

மேல்நிலைப் பரீட்சையின் முடிவுகள் வெளிவருங் காலத்தில், விருதுநகர், சிவகாசி, சாத்தூர் முதலிய ஊர்களின் திண்ணைதோறும் எழும் வினா ஒன்றுண்டு. “எந்தப் பள்ளியிற் சேர்த்தால் நம் பிள்ளைக்கு நல்ல கலாசாலையில் இடங் கிடைக்கும்?” என்பதே அவ்வினா. பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த மாணாக்கரை மட்டும் சேர்க்கும் பள்ளிகள்பால் பெற்றோர் நெஞ்சம் பெரிதும் சாய்கின்றது. அத்தகைய பள்ளிகளிற் பயின்றோர் பலர் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் இடம் பெறுகின்றனர் என்பது மெய்யே. ஆயின், அவ்விடத்தை அவர்க்கு ஈந்தது பள்ளியா, அன்றி அவர் முன்னமே கொண்டிருந்த ஆற்றலா என்று ஆராய்வார் சிலரே. அதனை ஆராய்ந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் ஊர் வற்றல் மண்டிகளைக் கண்டோர்க்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, நிறமுங் காரமும் மிக்க வற்றலை ஒருபுறம் பொறுக்கிக் குவிப்பர். சோடை வற்றலை மறுபுறம் ஒதுக்குவர். பொறுக்கிய குவியலைச் சுட்டி, “எம் மண்டியில் வைத்தமையால் இவ்வற்றல் காரம் பெற்றது” என்று ஒரு வணிகர் உரைப்பாராயின் நாம் நகைப்போம். காரம் கரிசலில் விளைந்தது. மண்டியில் நிகழ்ந்தது தெரிவு மாத்திரமே. பள்ளியைப் பற்றிப் பேசுங்கால் மட்டும் இந்நகைப்பு நமக்கு வருவதில்லை.

இப்பகுதியின் கல்வி வரலாறு பொறுக்கும் பள்ளியினின்று தொடங்கியதன்று. இந்நகர் விருதுபட்டி என்னும் பெயரோடு விளங்கிய 1885-ஆம் ஆண்டிலே ஷத்திரிய வித்தியாசாலை நிறுவப்பெற்றது. வணிகர் ஈந்த மகமைப் பணமும், இல்லந்தோறும் தாய்மார் எடுத்துவைத்த பிடியரிசியும் இந்நகரின் கல்விப் பணிக்கு உரமாயின. அவ்வித்தியாசாலையிற் பயின்று, குடும்ப நிலையால் இடையிலே நின்றவர் காமராசர். அவரே பின்னாளில், 1954 முதல் 1963 வரை, முதலமைச்சராய் அமர்ந்து, சிற்றூர்தோறும் பள்ளி திறந்து, பகலுணவும் அளித்தார். வந்தவரையெல்லாம் ஏற்பது பள்ளியின் கடன் என்பதே அவ்வேற்பாட்டின் உட்கருத்து.

சிவகாசியிலோ 1920-களிற் கால்கொண்ட தீப்பெட்டித் தொழிலும், அதன்பின் வளர்ந்த பட்டாசு, அச்சுத் தொழில்களும் வானம் பார்த்த பூமிக்குச் சோறிட்டன. உடன், பள்ளிப் பருவத்துச் சிறார் கைகளையும் வேலைக்கு இழுத்தன. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசிச் சிறாரைப் பற்றி எழுந்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அந்நிலையை மாற்ற முற்பட்டன. பணியிலமர்த்திய ஒவ்வொரு சிறுவர்க்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்துதல் வேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது. 2016-ஆம் ஆண்டின் திருத்தமோ, 14 முதல் 18 வயதினரையும் அபாயத் தொழில்களினின்று விலக்கிற்று. ஒன்பதாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பருவமும் ஏறக்குறைய இதுவேயாகும்.

இத்தகைய நிலத்தில் விளைந்த பயனை நாடறியும். 2018-ஆம் ஆண்டு மேல்நிலைப் பரீட்சையில் நூற்றுக்கு 97.05 பேரும், 2023-ஆம் ஆண்டு 97.85 பேரும் தேறி, விருதுநகர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. எனினும் தேர்ச்சி வேறு, பிரவேசம் வேறு. தேர்ச்சிக்கு ஒரு வரம்பைக் கடந்தாற் போதும்; பிரவேசத்திற்கோ பிறரை முந்துதல் வேண்டும். தமிழ்நாட்டிற் பொறியியற் பிரவேசம் பெரும்பாலும் கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றின் மேல்நிலை மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டு நடைபெறுகின்றது. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் என்னும் தனிப் பரீட்சையும், ஐ.ஐ.டி. கல்விக்கழகங்கட்கு ஜே.இ.இ. என்னும் பரீட்சையும் உள. பின்னிரண்டிற்கும் பள்ளிப் பாடத்தின் மேலும் தனிப் பயிற்சி வேண்டப்படுகின்றது. அப்பயிற்சியின் கட்டணம், தீப்பெட்டி ஒட்டியும் திரி திரித்தும் வாழும் குடும்பத்திற்கு எட்டாத் தொலைவிலுள்ளது.

இவ்விடைவெளியை நிரப்பும் பொருட்டே தமிழ்நாட்டு அரசினர் 2021-22-ஆம் கல்வியாண்டு முதல் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளை அமைக்கலாயினர். பின்னர் அவை 38 மாவட்டங்கட்கும், மாவட்டத்திற்கு ஒன்றாக, விரிவுற்றன. அரசினர் பள்ளி மாணாக்கருள் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் ஒன்பது முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கே தங்கிக் கட்டணமின்றிக் கற்கின்றனர். இம்மாதிரிப் பள்ளி மெய்யாகவே கலாசாலைக் கதவைத் திறக்கின்றதா என்பதே நாம் ஆராயவேண்டுவது.

பொறுக்கப்பட்டவரையும் பொறுக்கப்படாதவரையும் வாளா ஒப்பிடுதல் பிழையாகும். இருவரும் தொடக்கத்திலேயே சமமல்லர். ஆதலின் அறிஞர் ஒரு நுட்பமான வழியைக் கண்டனர். நுழைவுப் பரீட்சையில் 80 மதிப்பெண் வரம்பு என்று கொள்வோம். 80 பெற்றவர் உள்ளே சென்றார். 79 பெற்றவர் வெளியே நின்றார். ஒரு மதிப்பெண் என்பது ஆற்றலின் வேற்றுமையன்று. அன்றைய தலைவலியாலும் நேரலாம். எனவே வரம்பின் இருபுறமும் அணித்தாய் நின்றோரைப் பின்னாளில் ஒப்பிட்டால், பள்ளியாலாகிய பயன் மட்டும் தனித்து நிற்கும்.

இம்முறையால் அமெரிக்க நாட்டில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் பரீட்சைப் பள்ளிகளை ஆராய்ந்தோர் 2014-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பாதக் என்னும் மூவரும், வரம்பையொட்டி நின்ற மாணாக்கர்க்கு அப்பள்ளிகளால் மதிப்பெண் பெரிதும் உயரவில்லை என்று கண்டனர். டாபி, பிரையர் என்னும் இருவர், நியூயார்க் பள்ளிகளின் நுழைவு, வரம்பையொட்டிய மாணாக்கரின் கல்லூரிப் பிரவேசத்தையும் கூட்டவில்லை என்றனர். கென்யா நாட்டின் தேசியப் பள்ளிகளைப் பற்றிய ஆராய்ச்சியும் இவ்வாறே முடிந்தது. ஆயின் டிரினிடாட் தீவிலும் ருமேனியாவிலும் வேறு முடிவு தோன்றிற்று. சிறந்த பள்ளியிற் சேர்ந்தோர் பரீட்சையில் மேம்பட்டனர். அந்த ருமேனிய ஆராய்ச்சியே வேறொன்றையுங் காட்டிற்று: மேலான பள்ளியிற் சேர்ந்த பிள்ளைகள் தம்மைத் தாழ்ந்தவராய் உணரலாயினர், பெற்றோரும் வீட்டுப் பாடத்தில் உதவுதலைக் குறைத்துக்கொண்டனர்.

இம்முடிவுகள் ஒன்றோடொன்று முரணுவதேன்? பள்ளியின் பயன், அது தருவதை மட்டுமன்று, அஃதில்லாவிடின் பிள்ளை எங்கே இருந்திருக்கும் என்பதையும் பொறுத்தது என்பது எம் கருத்து. தவறியவர் செல்லும் அடுத்த பள்ளியும் ஏறக்குறைய நிகராயின், நுழைந்ததால் ஆம் பயன் சிறிது. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஒரு சிற்றூரில், நீட், ஜே.இ.இ. என்னும் பெயர்களையே கேளாதிருந்த மாணவி ஒருத்திக்கு, அப்பரீட்சைகளின் பயிற்சியும், விண்ணப்ப நாளை நினைவூட்டும் ஆசிரியரும், இரவில் விளக்கொளியும், மூன்று வேளை உணவும் ஒருங்கே கிடைக்குமாயின், அப்பயன் பெரிதாதல் கூடும். பொறுக்கியதால் அன்று, புடமிட்டதால்.

இனி, வேறொரு செய்தியையும் நோக்குதல் வேண்டும். சிறந்தோர் பலர் கூடிய பள்ளியிற் பயில்வதே சில வேளை தடையாவதுண்டு. சிறு குளத்திற் பெரிதாய்த் தோன்றுந் தவளை, பெருங் குளத்திற் சிறிதாய்த் தோன்றும். பள்ளிக்குள் மாணாக்கர் பெற்ற வரிசையைக் கருதும் அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்விளைவு உண்டென்று 2005-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. டெக்சாஸ் மாநிலமோ, 1997-ஆம் ஆண்டு சட்டத்தால், ஒவ்வொரு பள்ளியிலும் முதற் பத்து விழுக்காட்டினர்க்குத் தன் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி செய்தது. தமிழ்நாட்டிற் பள்ளிவரிசை கருதப்படுவதில்லை. ஆயினும் பயின்ற பள்ளியின் வகை கருதப்படுகின்றது.

நீதியரசர் கலையரசன் குழுவின் அறிக்கைக்குப் பின், 2020-ஆம் ஆண்டுச் சட்டம், நீட் தேறிய அரசினர் பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 7.5 வீதம் ஒதுக்கிற்று. 2021-ஆம் ஆண்டில் இவ்வொதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய துறைகட்கும் விரிந்தது. இவ்வொதுக்கீட்டில் தொழிற்கல்வி பயில்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசினரே ஏற்றனர். 2022-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இதற்குரிய விதி யாது? ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு முடிய அரசினர் பள்ளியிலேயே பயின்றிருத்தல் வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ்த் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்று, பின் அரசினர் பள்ளியிற் சேர்ந்தோர்க்கும் இவ்வுரிமையுண்டு.

இவ்விதியின் பொருளைப் பெற்றோர் பலர் காலங்கடந்தே அறிகின்றனர். நகையை அடகுவைத்துப் பிள்ளையை ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுங் குடும்பம், நன்மை செய்வதாக எண்ணி, இவ்வுரிமையை இழந்துவிடுகின்றது. மாதிரிப் பள்ளி அரசினர் பள்ளியேயாதலால், அதிற் சேர்வோர் இதனை இழப்பதில்லை. ஆகவே பயிற்சி, ஒதுக்கீடு என்னும் இரண்டும் ஓரிடத்தே கூடுகின்றன. இஃது அமெரிக்கப் பரீட்சைப் பள்ளிகட்கு இல்லாத சிறப்பு. நம் போன்ற மிஷன் நிலையங்களைச் சார்ந்தோர் அறியவேண்டுவது மற்றொன்றுமுண்டு. உதவிபெறும் பள்ளிகள் இவ்வொதுக்கீட்டிற் சேர்க்கப்படவில்லை. நம் பள்ளிகளில் பயிலும் ஏழைப் பிள்ளையும், அடுத்த தெருவின் அரசினர் பள்ளியிற் பயிலும் ஏழைப் பிள்ளையும் ஒரே வறுமையை உடையராயினும், ஒரே வாயிலை உடையரல்லர். இதனை மறைத்துச் சேர்க்கை நடத்துதல் அறமாகாது. பெற்றோர்க்கு முன்னரே எடுத்துரைத்தல் நம் கடன்.

மாதிரிப் பள்ளியால் நேரும் இழப்பையும் மறவாதிருப்போம். சிற்றூர்ப் பள்ளியின் முதல் மாணவன் நீங்கினால், அவன்பாற் கணக்குக் கேட்டுக் கற்ற தோழர் நால்வரும் துணையிழக்கின்றனர். 14 வயதில் வைக்கும் பரீட்சை, அவ்வயது வரை யார்க்கு எத்தகைய ஆசிரியர் வாய்த்தனர் என்பதையும் உடன் அளக்கின்றது. மேலும், 38 பள்ளிகள் எங்கே, முப்பதாயிரத்திற்கு மேற்பட்ட அரசினர் பள்ளிகள் எங்கே! சிலரை உயர்த்தும் வழி, பலரை மறக்குஞ் சாக்காகலாகாது.

ஆதலின் எம் முடிபு இது. தேர்ந்தெடுக்கும் பள்ளி என்னும் பெயர் மட்டும் பிரவேசம் தாராது. பள்ளியை நாடுவோர், “எத்துணைப் பேர் இடம் பெற்றனர்?” என்று வினவுவதோடு அமையாமல், “சேர்ந்தபோது அவர் எந்நிலையில் இருந்தனர்? நடுத்தர மாணாக்கர் என்னாயினர்? இங்கே சேர்வதால் இழக்கும் உரிமை ஏதேனும் உண்டோ?” என்றும் வினவுவாராக. இடங் கிடையாத பிள்ளையும் சோர்வுறல் வேண்டா. வரம்புக்கு ஒரு மதிப்பெண் கீழே நின்றோர் பலர், உள்ளே சென்றோர்க்கு நிகராகவே பின்னாளில் விளங்கினர் என்பதன்றோ மேற்கூறிய ஆராய்ச்சிகளிற் பல காட்டிய உண்மை!

இறுதியாக, இவ்வினா நம் கலாசாலையையும் நோக்கி வருகின்றது. நாமும் மதிப்பெண் வரிசையால் மாணாக்கரைச் சேர்க்கின்றோம்; பல்கலைக்கழகப் பரிசில்கள் வருங்கால் மகிழ்கின்றோம். அவை நாம் பொறுக்கியதால் வந்தனவா, புடமிட்டதால் வந்தனவா? பழைய மாணவர்களே, நீங்கள் நுமது ஊர் அரசினர் பள்ளிக்கு ஆண்டில் ஒரு நாள் சென்று, விண்ணப்பம், சான்றிதழ், ஒதுக்கீடு, உதவித்தொகை ஆகியவற்றை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகட்கு எடுத்துரைப்பீராயின், பொறுக்கப்படாத ஒருவர்க்கேனும் கதவு திறக்கும். பிடியரிசியாற் கல்வி வளர்த்த நாட்டில் இஃது அரிய செயலன்று.