கோப்பைக்குக் கொடுப்பதைப் பயிற்சியாளருக்குக் கொடுப்போம்



இரவு கடையைக் கட்டியதும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்து குடிப்பது, கடனுக்குச் சிகரெட் கேட்டுத் தகராறு செய்வது, விழா வசூல் என்று மிரட்டி வாங்குவது ஆகியவை கடைவீதிக்குப் புதியவை அல்ல. சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுப்பது, கேமரா மாட்டுவது என்று தீர்மானம் போடுகிறோம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் கேமரா, பூட்டை உடைத்தவனின் முகத்தைக் காட்டுமே தவிர, பதினான்கு வயதுப் பையன் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேராமல் தடுக்காது. அதைத் தடுக்கக் கூடியவர் பல ஊர்களில் சம்பளம் இல்லாமல் வேலை செய்து கொண்டிருக்கிறார். விடியற்காலையில் மைதானத்தில் விசில் ஊதிப் பையன்களை ஓடவிடுகிறாரே, அந்த விளையாட்டுப் பயிற்சியாளர்தான் அவர்.

நாக்பூரில் நடந்தது

நாக்பூர் என்றால் நமக்கு ஆரஞ்சுப் பழம் நினைவுக்கு வரும். அவ்வூர் ஹிஸ்லாப் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர் விஜய் பார்ஸே. 2001-இல் ஒரு மழை நாளன்று, குடிசைப் பகுதிச் சிறுவர்கள் உடைந்த வாளி ஒன்றைப் பந்தாக உதைத்து விளையாடுவதைக் கண்டார். விளையாடும் நேரத்திலாவது இவர்களைத் தீய பழக்கம் அண்டாது என்று எண்ணி, பந்து கொடுத்துப் போட்டிகள் நடத்தத் தொடங்கினார். அதுவே ‘ஸ்லம் சாக்கர்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. குற்றச் செயல்களில் சிக்கித் திரிந்த இளைஞர் ஒருவர் அங்கே ஆடப் பழகினார். அவரே 2010-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த வீடற்றோர் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். விஜய் பார்ஸேயின் வாழ்க்கையைத் தழுவி, அமிதாப் பச்சன் நடித்த ‘ஜுண்ட்’ என்ற இந்திப் படம் 2022-இல் வெளிவந்தது.

நமது வடசென்னையிலும் இதற்குச் சான்று உண்டு. பத்திரிகைகளில் அடிதடிச் செய்திகளாலேயே அடிபட்ட வியாசர்பாடி, கால்பந்து ஆட்டத்துக்கும் பெயர் பெற்றது. சென்னையின் எஃப்.சி. அணியிலும் இந்திய அணியிலும் ஆடிய தனபால் கணேஷ் அந்தப் பகுதிக்காரர். மைதானம் இல்லாத சந்துக்குக் கேரம் பலகை போதும். 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் கேரம் உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள்.

பந்து மட்டும் போதாது

ஆயினும் விளையாட்டு என்றாலே பையன்கள் திருந்திவிடுவார்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. கேட்பாரற்ற மைதானத்தில் பந்தயம் கட்டி ஆடுவதும், ஆட்டத்தில் வந்த சண்டை தெருச் சண்டையாக முற்றுவதும் உண்டு. பெரியவர் ஒருவர் கூட நின்று நடத்தினால்தான் விளையாட்டு பையனை நெறிப்படுத்தும்.

பள்ளி விட்ட பிறகு பெற்றோர் வேலை முடிந்து திரும்பும் வரை பையனைக் கவனிக்க ஆள் இல்லை. அந்த நேரத்தில் அவனைத் தேடுபவர் பயிற்சியாளர். இரண்டு நாள் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார். பள்ளிக்குப் போகாதவனுக்கு அணியில் இடமில்லை என்கிறார். வீட்டில் சொன்னால் கேட்காதவன், மாஸ்டர் சொன்னால் கேட்கிறான்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் கிளெனார்டன் என்ற ஊரில், நிர்வாகியாக இருந்த வான் ஸ்டாண்டிஃபர் என்பவர் 1986-இல் இரவு 10 மணி முதல் 2 மணி வரை கூடைப்பந்து ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். இளைஞர்கள் வம்பில் சிக்கும் நேரம் எதுவென்று பார்த்து, அந்த நேரத்துக்கே விளையாட்டை வைத்தார். நம் ஊரில் அது மாலை 5 மணி முதல் 8 மணி வரையாக இருக்கலாம். அந்தந்தத் தெருவின் வம்பு நேரம் கடை வைத்திருக்கும் நமக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை

ஆண்டுக்கொரு முறை போட்டி நடத்துகிறோம் என்று வருகிறவர்களுக்குக் கோப்பைக்கும் பேனருக்கும் பணம் கொடுக்கிறோம். பேனரில் நம் கடைப் பெயர் இரண்டு நாள் இருக்கும். மூன்றாம் நாள் காலை மைதானத்துக்கு வருகிற பயிற்சியாளரின் கையில் பெட்ரோலுக்குக்கூடக் காசு இருக்காது. நல்ல வாடிக்கையாளர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? ஒரே நாளில் மூட்டை மூட்டையாக வாங்கிவிட்டு மறைந்து போகிறவரையா, மாதா மாதம் தவறாமல் வருகிறவரையா? நமது உதவியும் மாதா மாதம் போக வேண்டும்.

ஒன்று: 40 கடைகள் மாதம் 100 ரூபாய் வீதம் போட்டால் 4,000 ரூபாய் சேரும். சங்கக் கணக்கில் வரவு வைத்து, பயிற்சியாளருக்கு ரசீதுடன் கொடுக்கலாம்.

இரண்டு: மளிகைக் கடைக்காரர்கள் கொண்டைக்கடலை, நிலக்கடலை, வெல்லம் என்று பொருளாகவே கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு ஓட வருகிற பிள்ளைகள் பலர்.

மூன்று: பயிற்சியாளர் நம்பத் தகுந்தவரா என்று ஊராரிடம் விசாரித்துக் கொடுக்க வேண்டும். பயிற்சி பலர் பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்.

நான்கு: நம் கல்லாப் பெட்டியைப் பற்றியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, சிறாருக்கு அதைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. பயிற்சியாளர் காலையில் கட்டுவதை மாலையில் நம் கடை இடித்துவிடக் கூடாது.

இன்று மைதானத்தில் ஓடுகிற பையன் நாளை நம் கடைக்கு வேலைக்கு வரலாம், வாடிக்கையாளராக வரலாம், பக்கத்தில் கடை போட்டுச் சங்கத்தில் உறுப்பினராகவும் ஆகலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் கேமரா பற்றிய தீர்மானத்தோடு, நம் பகுதிப் பயிற்சியாளர்கள் யார், அவர்களுக்கு என்ன தேவை என்பதையும் ஒரு பொருளாக எடுத்துக் கொள்வோம்.